எங்களுக்கு மட்டும் சொல்லப்படாத கிருமி

மலம் கேட்டு வந்தவர்களுக்கு நாங்கள் பால் ஊற்றாத பிளேன்டீ போட்டுக் கொடுத்தோம். இஞ்சி தட்டிப் போட்டு, விளிம்பு உடையாத கோப்பைகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

சென்னையில் ஒரு மருத்துவ ஆராய்ச்சித் துறையிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கிற எங்கள் அகதி முகாமுக்கு வேன் வருவது புதிதல்ல. பழைய துணி கொடுக்க வருவார்கள், படம் எடுக்க வருவார்கள், எங்கள் துயரத்தைப் பற்றி எங்களிடமே கேள்வி கேட்க வருவார்கள். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் இவர்கள்தான் முதல்.

நான் இந்த முகாமில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் திருகோணமலைப் பக்கத்திலிருந்து படகேறி வந்தவர்கள். நானும் தங்கச்சியும் இந்த மண்ணில் பிறந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இன்னமும் அகதிகளாகவே இருக்கிறோம். வீட்டுக்குள் 'ஓம்' என்போம். முகாம் வாசலைத் தாண்டினால் 'ஆமா' என்போம். நான் பி.காம். முடித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பிக் கிடங்கில் பில் போடுகிறேன். இரண்டு பேச்சும் தெரிந்தவள், படித்தவள் என்று யாரோ கைகாட்டியதால், வந்தவர்கள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். அன்று எனக்கு விடுமுறை. வீடு வீடாக அவர்களோடு போனேன்.

அவர்களுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். மெல்லிய குரல். யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார். முகாம் மண்டபத்தில் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்கா கிருமி இருக்கு. பெரும்பாலும் நமக்கு நல்லது பண்றதுதான். அதுல எதெல்லாம் ஆன்டிபயாட்டிக் மருந்துக்குச் சாகாம நிக்குதுன்னு பார்க்கப் போறோம். உங்க நல்லதுக்குத்தான்."

"முடிவு எங்களுக்குச் சொல்லுவீங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"கண்டிப்பா சொல்லுவோம்மா."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமி மட்டும் பொத்தாமல் சிரித்தாள். "உள்ள போறதைக் கேட்டு ஒருத்தரும் வரேல்ல. வெளிய போறதைக் கேட்டு வந்திட்டாங்கள்." ஆனாலும் கொடுத்தார்கள். சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில், மூடியை இறுக்கி, வெட்கத்தோடு முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து தங்கச்சி கொடுத்தாள். ஐஸ் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வேன் போனது. அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நிறம், என்னைவிட வாய். வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தருகிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். காண்டிராக்டர் வேன் முகாம் வாசலுக்கே வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். அங்கே நாள் முழுக்க நின்றபடி வேலை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பாஸ் வாங்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒரே ஒரு பாஸ்தான். அது சூப்பர்வைசரின் கழுத்தில் தொங்கும். ஒருத்தி போய்த் திரும்பிவந்தால்தான் அடுத்தவள் போகலாம். அவனிடம் போய் நின்று, "சார், பாஸ்" என்று கேட்க வேண்டும். அவன் கடிகாரத்தைப் பார்ப்பான். "இப்பத்தானே போய்ட்டு வந்த?" என்பான். வளர்ந்த பெண்கள், பிள்ளை பெற்ற பெண்கள், ஒரு பொடியனிடம் மூத்திரத்துக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு தேநீர், மத்தியானம் சோற்றோடு ஒரு மடக்கு, அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே.

முகாமுக்குத் திரும்பினால் இங்கேயும் அதே கதை. வரிசை வீடுகளுக்குப் பொதுவான கழிப்பறைகள். பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சிலதற்குக் கதவே கிடையாது. தண்ணீர் வருகிற நேரத்தில் வரும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே சீலையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் சாக்கடைக்குள் படுத்திருக்கும். மழை பெய்தால் எது குழாய்த் தண்ணீர், எது சாக்கடை என்று மூக்கை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

இப்படி அடக்கி அடக்கித் தங்கச்சிக்கு எரிச்சல் வந்தது. "அக்கா, போகேக்க நெருப்பு மாதிரி எரியுது" என்றாள். பஸ் ரோட்டில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரருக்கு முகாம் பெண்களைப் பார்த்தாலே தெரியும்.

"இன்னாமா, எரிச்சலா? இந்தா, இத்த ரெண்டு நாளிக்குப் போடு. சரியாப் பூடும்."

அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். சரியாகவும் போகும். கொஞ்ச நாளில் திரும்ப வரும். அடுத்த தடவை வேறு நிறத்தில் மாத்திரை. அதற்கடுத்த தடவை இன்னும் பெரிய மாத்திரை. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம்தான். அங்கே இருந்த நர்ஸ் அக்கா நல்ல மனுஷி. ஆனால் டாக்டர் பார்க்கிற நேரம், தங்கச்சி லைனில் நிற்கிற நேரம். லீவு கேட்டால், "நாளைக்கு வராத" என்பார்கள். அது மிரட்டலா, லீவா என்று புரிய நாளாகும்.

எங்கள் ஆண்களும் இதே கதைதான். உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவர்கள். தங்கச்சியின் புருஷனும் அப்படித்தான். காய்ச்சலோடு கயிற்றில் தொங்க முடியாது. தொங்காமல் இருக்கவும் முடியாது. இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறுவார்கள். இதைத்தான் படித்தவர்கள் சுயமருத்துவம் என்கிறார்கள். அந்தச் சொல்லில் 'சுயம்' எங்கே இருக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

தங்கச்சி கர்ப்பமானாள். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எரிச்சல் திரும்ப வந்திருந்தது. மருந்துக் கடை மாத்திரையும் போட்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் என் கிடங்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தங்கச்சியோடு அதே லைனில் வேலை பார்க்கும் பெண் இறங்கி ஓடிவந்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலனிக்காரி. அவளுடைய அப்பா அம்மா வயல் வேலை பார்த்தவர்கள்; அந்த வயலெல்லாம் இப்போது கம்பெனிகள். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். ஆட்டோவுக்குள் தங்கச்சி சுருண்டு கிடந்தாள்.

"அக்கா, உன் தங்கச்சி காலீலருந்து நடுங்கிக்கினே கீது. சூப்பர்வைசராண்ட சொன்னா, ஷிப்டு முடிஞ்சி போலாம்ன்றான். போடா நீயும் உன் ஷிப்டும்னு இட்டுக்கினு வந்துட்டேன்."

தொட்டுப் பார்த்தேன். அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஏலாது அக்கா, ஏலாது" என்று அரற்றினாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் வேறு ஊசி. இறங்கவில்லை. ரத்த அழுத்தம் விழத் தொடங்கியதும் ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் விவரம் எழுத வந்தது ஓர் இளம் டாக்டர்.

"எந்த ஊரு?"

"கும்மிடிப்பூண்டி. கேம்ப்."

"ஓ, கேம்ப்பா?" எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார். "மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்குவீங்களே. அப்புறம் எந்த மருந்து வேலை செய்யும்?"

என் தங்கச்சி ஸ்டிரெச்சரில் பற்கள் கிட்டித்துப்போய்க் கிடக்கிறாள். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை. நான் அந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை, தூங்காத கண்கள். அதனாலேயே இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவர் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பது போலச் சொன்னார்.

"மிட்டாய்னா ருசியா இருக்குமே டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா என் கையைக் கிள்ளினாள். அகதிக்கு அதுதான் முதல் பாடம்: டாக்டரிடம் கதைக்காதே, போலீஸிடம் கதைக்காதே, அதிகாரியிடம் கதைக்காதே. அம்மா அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுக்க ஒழுங்காகப் படித்தவள். நான் படிக்கவில்லை.

மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கிற சோதனை. முடிவு வந்ததும் ஒரு மூத்த பெண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் உட்காரச் சொன்ன ஒரே ஆள்.

"உன் தங்கச்சிக்கு வந்திருக்கிற கிருமி, சாதாரணமா நாங்க குடுக்கிற மாத்திரை, ஊசி எதுக்கும் மசியலம்மா. சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. ரொம்ப வீரியமான மருந்தை நரம்பு வழியா ஏத்துறோம். அதுக்குக் கேட்கும். ஆனா இங்கேயேதான் இருக்கணும்."

"இந்தக் கிருமி எங்கேர்ந்து வந்துச்சு டாக்டர்?"

"எங்கேர்ந்தும் வரலை. அவ குடல்லயே இருந்ததுதான். குடல்ல இருக்கிறவரைக்கும் சும்மா இருக்கும். தண்ணி குடிக்காம மூத்திரத்தை அடக்கிக்கிட்டே இருந்தா, அது இந்தப் பக்கம் வந்து தங்கிடும். கர்ப்பத்துல இன்னும் சுலபமா மேல ஏறும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க கேம்ப்ல நிறைய பேருக்கு இந்தக் கிருமி இருக்குன்னு ஒரு டாக்டர்ஸ் மீட்டிங்ல படம் போட்டுக் காட்டினாங்களே. உங்ககிட்டதானே சாம்பிள் எடுத்தாங்க? உங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சொல்லலை டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேனோ என்னவோ. "வெறும் எரிச்சலா இருக்கும்போதே ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பழைய மாத்திரை ஒண்ணு இருக்கு. விலை குறைவுதான். இந்தக் கிருமி அதுக்கு அடங்கும்னு ரிப்போர்ட்ல இருக்கு. ஆரம்பத்துல அதுவே போதுமா இருந்திருக்கும். இப்போ ரத்தத்துல கலந்துடுச்சு, அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

தங்கச்சி பிழைத்தாள். பிள்ளை காத்திருக்கவில்லை. ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டு, ஒரு பெண்பிள்ளை, என் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் முழங்கை வரைக்கும் வராத அளவில் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். குழாய்கள் நடுவே அது மூச்சுவிடுவதை நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். தங்கச்சியின் புருஷன் பெயின்ட் காயாத கைகளோடு வந்து நின்று, "அக்கா, இது அழாதா?" என்று கேட்டான்.

அந்த வாரம் நான் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். துறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. செக்யூரிட்டி உள்ளே விடத் தயங்கினார். "சாருக்கு என்னைத் தெரியும், எங்க வீட்டுல டீ குடிச்சிருக்கார்" என்று சொன்னேன். ஏசி அறை. பேராசிரியருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. "வாங்கம்மா, கேம்ப்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று முகம் மலர்ந்துதான் கேட்டார்.

"என் தங்கச்சி ஐ.சி.யூ.வுல இருந்தா சார். பிள்ளை இன்னும் பெட்டியில இருக்கு. நீங்க எங்க வயித்துல பார்த்த அதே கிருமி."

அவர் முகம் மாறியது. நான் விடவில்லை. "முடிவு சொல்றோம்னு சொன்னீங்களே சார்."

"ரிப்போர்ட் மேல அனுப்பிட்டோம்மா."

"மேலன்னா?"

அவர் வேறு விதமாக விளக்கப் பார்த்தார். "தனித்தனியா ஒவ்வொருத்தர் ரிசல்ட்டையும் சொல்றது ஆராய்ச்சி விதியில இல்லைம்மா. குடல்ல அந்தக் கிருமி இருந்தா அதுக்குன்னு வைத்தியம் எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. சொன்னா வீணா பயந்துடுவீங்க."

"வைத்தியம் யார் சார் கேட்டது? எரிச்சல்னா கடையில மாத்திரை வாங்காதீங்க, உங்க ஆளுங்க உடம்புல அது கேட்காது, முதல்ல மூத்திரத்தை டெஸ்ட் பண்ணுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. மலத்தை வாங்கிட்டுப் போக வேன் வந்துச்சே. இந்த வார்த்தையைக் கொண்டுவர ஒரு போன் போதாதா?"

என் குரல் உயர்ந்தபோது வெளியே இருந்த மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார் கடைசியில். அந்த வார்த்தை எனக்கு எந்தத் திருப்தியும் தரவில்லை. சரி என்று அவருக்கு இவ்வளவு சுலபமாகத் தோன்றுகிறது என்றால், முன்பே ஏன் தோன்றவில்லை?

குழந்தை பெற்றவளும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும்போது அடுத்தது வந்தது. ஒரு செய்தித்தாளின் உள்பக்கத்தில் பெட்டிச் செய்தி. அகதிகள் முகாமில் மருந்துக்கு அடங்காத கிருமி, ஆய்வில் அதிர்ச்சி. அந்த மீட்டிங்கில் இருந்த யாரோ சொல்லி, யாரோ எழுதியிருக்கிறார்கள். செய்தியில் தண்ணீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை, பாஸும் இல்லை. முகாம் என்ற சொல் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

மறுநாள் காண்டிராக்டர் வேன் முகாம் வாசலுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பெண்கள் டிபன் பாக்ஸோடு நின்றுவிட்டுத் திரும்பினார்கள். நான் காண்டிராக்டருக்குப் போன் போட்டேன்.

"நா இன்னாமா பண்றது? கம்பெனில பயப்படுறாங்க. பேப்பர்லயே போட்டுட்டான். கேண்டீன்ல எல்லாரும் ஒண்ணா சாப்புடுற எடம். கொஞ்ச நாளு போவட்டும்."

"கொஞ்ச நாளுல கிருமி போயிடுமா?"

"என்னாண்ட ஏம்மா கத்துற? நா சோத்துக்குச் செய்றவன்."

கிருமி எங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. மளிகைக் கடையில் சில்லறையைக் கையில் வாங்காமல் கல்லாமேல் வைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை யாரும் தொடவில்லை. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்து, இவர்களைப் போலவே பேசப் பழகி, இவர்களுடைய கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்த இடத்தை, ஒரு பெட்டிச் செய்தி அழித்துவிட்டது.

அப்போது எங்களைத் தேடிவந்தது அந்தக் காலனிக்காரி ஒருத்திதான். ஒரு சாயங்காலம் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்குந்தான் எரிச்சல் வருது. எங்க லைன்ல அல்லாருக்கும் வருது. நானும் அதே கடைலதான் மாத்திரை வாங்குறேன், அதே தண்ணியத்தான் குடிக்கிறேன். என்னைப் புட்ச்சி டெஸ்ட் பண்ணா எனக்கும் அதே பூச்சிதான் இருக்கும். என்னை உள்ள உட்றான், உங்கள உட மாட்றான். இது இன்னா நாயம்?"

அவள் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பேராசிரியருக்குப் போன் போட்டேன். "சார், வாங்க. எங்களுக்குச் சொல்றதா சொன்னதை வந்து சொல்லுங்க. கம்பெனி ஆளுங்களையும் கூப்பிடுறோம். அவங்க முன்னாடி சொல்லுங்க."

வந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன், அதற்குமேல் இல்லை. முகாம் மண்டபம் நிரம்பிவிட்டது. காண்டிராக்டர் கதவோரம் நின்றார். முகாமைக் கவனிக்கும் வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். சுகாதார நிலைய நர்ஸ் அக்காவும் வந்தார். பேராசிரியரின் மாணவர்கள் திரையைக் கட்டிப் படம் போட்டார்கள். முதல் படம், சோப்புப் போட்டுக் கை கழுவும் குழந்தை. இரண்டாவது படம், மூடிவைத்த தண்ணீர்க் குடம். மூன்றாவது படம், கதவு சாத்திய ஒரு சுத்தமான கழிப்பறை.

பக்கத்து வீட்டு மாமி எழுந்தாள். "சேர், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. எங்கட கழிப்பறையைப் படத்தில காட்ட வேண்டாம். எழும்பி வாங்கோ, நேரில காட்டுறம்."

முன்வரிசை அதிகாரி, "கூட்டம் முடியட்டும்மா" என்றார்.

"கூட்டம் எல்லாம் கனக்கப் பார்த்திட்டம். வாங்கோ."

பேராசிரியர் போனார். பின்னால் நாங்கள் எல்லாரும் போனோம். கதவில்லாத கழிப்பறைக்கு முன்னால், நனைந்த சாக்குத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமி நின்றாள். உள்ளே தண்ணீர் இல்லை. ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. "இதுக்குள்ள எந்தக் கையை, எந்தச் சோப்பால, எந்தத் தண்ணியில கழுவுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றாள். மூக்கைப் பொத்தக் கை போன பேராசிரியர், பெண்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் படங்களை நிறுத்தச் சொன்னார். காண்டிராக்டரைப் பார்த்துப் பேசினார். "இந்தக் கிருமி கேம்ப்ல மட்டும் இல்லை. இந்த ஊர்ல எடுத்தாலும் இருக்கும். சென்னையில எடுத்தாலும் இருக்கும். என் வீட்டுல எடுத்தாலும் இருக்கலாம். பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டா உடனே நோய் வந்துடாது. இவங்களை வேலையை விட்டு நிறுத்துறதுல ஒரு அர்த்தமும் இல்லை."

நான் எழுந்தேன்.

"இதை அந்த மீட்டிங்குல ஏன் சொல்லலை சார்? அந்த ரிப்போர்ட்டுல ஏன் எழுதலை?"

"கேம்ப்ல மட்டும்தான் சாம்பிள் எடுத்தோம். மத்த இடத்தைப் பத்தி அதுல எழுத முடியாது."

"கேம்ப்ல மட்டும் ஏன் எடுத்தீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. "நீங்க எல்லாரும் ஒரே இடத்துல இருக்கீங்க. வெளியூர் போறதுன்னா சொல்லிட்டுத்தான் போவீங்க. வந்து கேட்டா குடுப்பீங்க. எடுக்கறதுக்கு வசதி."

யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஞாபகம். அத்தனை பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை அடைத்துவைத்திருப்பது யாருக்கு என்ன வசதி என்று ஒவ்வொருத்தியும் தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள் போல.

நடந்தது இவ்வளவுதான். பேராசிரியர் செய்தித்தாளுக்கு மறுப்பு எழுதினார். அது விளம்பரங்களுக்கு நடுவே சின்னதாக வந்தது. சில வாரங்களில் வேன் திரும்ப வந்தது. லைனில் ஆள் குறைந்ததும் கம்பெனிக்குப் பயம் தெளிந்துவிட்டது. தங்கச்சிக்கு மட்டும் வேலை இல்லை, சொல்லாமல் நின்றுவிட்டாளாம். கழிப்பறைகளில் ஒரு வரிசைக்குப் புதுக் கதவு போட்டார்கள். மீதிக்கு "அடுத்த கட்டத்தில்" என்றார்கள். நர்ஸ் அக்கா டாக்டரிடம் பேசி, வாரம் ஒருநாள் மூத்திர மாதிரிகளை வாங்கிச் சோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். காலை வேளையில் முகாம் பெண்களும் காலனிப் பெண்களும் சின்னக் குப்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கடையைத் தாண்டிப் போவார்கள். டீக்கடை ஆண்கள் ஆரம்பத்தில் இளித்தார்கள். அந்தக் காலனிக்காரி ஒருநாள் குப்பியை நீட்டி, "வேணுமாண்ணா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இளிப்பு நின்றது. அவளுடைய சோதனையிலும் அதே வகைக் கிருமிதான் வந்தது. எந்தச் செய்தித்தாளும் அவளுடைய காலனியைப் பற்றி எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்.

மருந்துக் கடைக்காரர் இன்னமும் அட்டையைக் கத்தரிக்கிறார். சூப்பர்வைசரின் கழுத்தில் பாஸ் இன்னமும் தொங்குகிறதாம். இதைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு நான் எழுதிய மனுவுக்குப் பதில் இல்லை. தொழிலாளர் துறைக்கும் எழுதினேன். அந்தப் பெண்கள் காண்டிராக்ட் தொழிலாளிகள், அதிலும் இந்தியப் பிரஜைகள் அல்ல, எனவே உங்கள் மனு எந்தப் பிரிவுக்கு வரும் என்று பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்கிறேன். என்னைக் கண்டதும் அங்கே இருக்கிற கிளார்க் ஃபைலை விரித்துக் குனிந்துகொள்கிறார்.

குழந்தை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்து, எடை ஏறி, இப்போது தவழ்கிறாள். கையில் அகப்படுவதை எல்லாம் வாயில் வைக்கிறாள். தங்கச்சி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மழை நாளில் உடம்பு கொஞ்சம் சுட்டாலும் பயந்துபோய் என்னைக் கூப்பிடுகிறாள். போன வாரம் நான் மனுவோடு கிளம்பும்போது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஏன் அக்கா அலைஞ்சு திரிஞ்சு கத்துறாய்? நான் இருக்கிறன். பிள்ளையும் நல்லாத்தானே இருக்கு."

"நீங்கள் ரெண்டு பேரும் நல்லா இருக்கிறதாலதான் எனக்குக் கத்த நேரம் கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.